டீக்கன் ஹோமரின் அசையாத வீடு

மனித நாகரிகம் தொடங்கியது அஸ்திவாரத்தில்தான். எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்துச் சர்ச்சில் டீக்கன் ஹோமர் ஸ்டாம்பர் எதைப் பற்றிப் பேச எழுந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்வார். பைபிளில் வரும், பாறைமேல் வீடு கட்டியவனையும் மணல்மேல் கட்டியவனையும் நேரில் பழகியவர்போலப் பேசுவார். அவருடைய வீடு தொழிற்சாலையில் செய்து, அடியில் சக்கரம் மாட்டி, இரண்டு துண்டாக லாரியில் இழுத்து வந்து ஒட்டியது.

அதை அவர் காதுபட டிரெய்லர் என்று சொல்லிவிட முடியாது. முகப்பில் வெள்ளைத் தூண்கள் நட்டிருந்தார். அடிப்பக்கம் தெரியாதபடி சுற்றிலும் செங்கல் சுவர். உள்ளே நுழைந்து பார்க்க ஒரு பொந்துகூட வைக்கவில்லை.

பக்கத்து மனை என்னுடையது. என் வீடும் அதே சாதிதான், ஒற்றைத் துண்டு. இழுத்து வந்த கொக்கி இன்னும் வாசலில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் பீன்ஸ் உரிப்பேன்.

"ஏம்பா க்ளோவிஸ், அந்தக் கொக்கிய வெட்டி எறியக் கூடாதா? எப்ப வேணும்னாலும் ஓடிப்போறவன் வீடு மாதிரி இருக்கு."

"ஓடினா உங்க வாசல் வழியாத்தானே போகணும் டீக்கன், சொல்லிட்டே போறேன்."

அவர் மனைவி நாடீனுக்குத்தான் ஓடவேண்டியிருந்தது. ஒஹையோவில் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். இந்த வீட்டை விற்றால்தான் அங்கே போகமுடியும். வாங்க ஒரு பஸ் டிரைவரும் அவன் மனைவியும் தயார். ஆனால் பேங்க் ஒரே பிடியாக நின்றது: வீடு நிரந்தர அஸ்திவாரத்தில் நிற்கிறது என்று இன்ஜினியர் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் லோன் இல்லை.

"போடட்டுமே! என் வீட்டுக்கே அஸ்திவாரமான்னு கேக்குறானுங்களா?" என்றார் ஹோமர்.

கெஸ்லர் என்ற பெண் இன்ஜினியர், முழங்காலில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"கீழ போக வழி எங்க ஐயா?"

"வீட்டுக்குக் கீழ எவன் போவான்மா?"

செங்கலைப் பெயர்த்துத்தான் அவர் உள்ளே தவழ்ந்து போனார். சற்று நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, டயரெல்லாம் அப்படியே இருக்கு!"

"அது... சும்மா கிடக்கும்மா."

"சும்மா கிடக்கல. வீட்டோட மாட்டியிருக்கு."

"தூணுக்குக் கீழ கொக்கியும் இருக்கும், நல்லாப் பாரும்மா," என்று முகப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார் நாடீன்.

உடம்பெல்லாம் செம்மண்ணோடு வெளியே வந்த கெஸ்லர், சக்கரத்தையும் கொக்கியையும் கழற்றவேண்டும், ஆழமாகத் தோண்டிக் கான்கிரீட் போடவேண்டும், வீட்டை இரும்புப் பட்டையால் அதோடு இறுக்கவேண்டும் என்றார். கிளம்பும்போது கேட்டார்: "நிலத்தை அளந்தாச்சா? அளந்துட்டுக் கான்கிரீட் போடுங்க."

"அந்த வால்நட் மரம்தான் என் எல்லை. ஊருக்கே தெரியும். நாகரிகம் தொடங்கினது அஸ்திவாரத்துலம்மா, அளவு நாடாவுல இல்ல."

கான்கிரீட் போட்டார்கள். கழற்றிய சக்கரங்களை அச்சோடு நான் வாங்கிக்கொண்டேன். சான்றிதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை, அதைச் சர்ச்சில் பைபிள் சங்கீதம் வாசிப்பதுபோல வாசித்தார் ஹோமர். "இனி பூமி நகர்ந்தாத்தான் என் வீடு நகரும்!" நாடீன் அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு பேங்க் அனுப்பிய சர்வேயர் வந்தான். வால்நட் மரத்தை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. முள்புதருக்குள் புகுந்து, துருப்பிடித்த பழைய எல்லைக் கம்பி ஒன்றைக் கண்டுபிடித்தான். அது மரத்திலிருந்து வெகு தள்ளி, ஹோமர் வீட்டையொட்டி இருந்தது.

"வீட்டோட பின்மூலை அடுத்தவங்க மனையில நிக்குதுங்க. இந்த நிலையில பேங்க் பணம் தராது. ஒண்ணு, வீட்ட நகர்த்தணும். இல்ல, அந்தத் துண்டை க்ளோவிஸ் எழுதிக் கொடுக்கணும்."

சாயங்காலம் ஹோமர் என் வாசலுக்கு வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"அந்தச் சக்கரம்லாம்..."

"வைக்கோல் வண்டிக்கு மாட்டிட்டேன் டீக்கன்."

"அது இருந்தா கொஞ்சம் இழுத்து விட்டிருக்கலாம்."

"பட்டை போட்டு இறுக்கியாச்சே. இனி பூமிதான் நகரணும்."

அவர் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் கொக்கிமேல் உட்கார்ந்தார். "நாடீன் பாத்திரத்தையெல்லாம் காகிதத்துல சுத்தி வச்சுட்டாப்பா," என்றார்.

நாடீன் முகத்துக்காக எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தோடு சர்வேயரின் வரைபடமும் வந்தது. எல்லையைத் தாண்டி என் பக்கம் இருந்தது ஒரே ஓர் அறை, கழிப்பறை. இருபது வருடமாக ஹோமர் தினமும் காலையில் என் நிலத்தில்தான் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்.