சாவி நோட்டு

கோரிக்கை மனு மறுநாள் காலை பத்து மணிக்குள் நிர்வாகக் குழுவிடம் போய்ச் சேர வேண்டும்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அக்காவுக்கு இஸ்திரி வேலை. அங்கே பெண்களின் கழிப்பறை எப்போதும் பூட்டியிருக்கும். தோல் வெளுத்த பெண்களிடம் ஆளுக்கொரு சாவி உண்டு. கறுத்த பெண்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். பெயர், கேட்ட நேரம், போன நேரம் எல்லாவற்றையும் அவர் நோட்டில் குறித்துக்கொள்வார்.

நான் பத்திரிகைகளில் எழுதுகிறவள். மனு எழுதும் வேலையை அந்தக் கறுத்த பெண்கள் என்னிடம் விட்டார்கள். மூன்று பக்கம் எழுதினேன். சமத்துவம், மாண்பு, வரலாறு. சமையலறையில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. கல்யாணப் பத்திரிகை மாதிரி."

"என்னக்கா குறை?"

"இதுல யாருக்காவது மூத்திரம் வருதாடி?"

கைபேசியை நீட்டினாள். நோட்டின் பக்கங்களைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்திருந்தாள். ஒரு மாதம், இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.

மூன்று பக்கத்தையும் கிழித்தேன். நோட்டில் இருந்ததை அப்படியே எழுதினேன். வேறு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. அழுத்தியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது.

பதினேழாம் தேதியில் அக்காவின் பெயர். கேட்ட நேரம் பத்து நாற்பது. போன நேரத்துக்கான கட்டத்தில் மேற்பார்வையாளரின் கையெழுத்து: 'பிறகு.'

"அப்புறம் எப்போ போனே?"

"போகல."

அந்தப் பதினேழாம் தேதி அவள் ஈர உடையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். பார்த்து நடக்கத் தெரியாதா என்று நான் சிரித்தேன்.

"சிரிச்சேனேக்கா."

"ஆமா. நல்லாவே சிரிச்சே."

அடுப்பை அணைத்தேன். பேனாவை மறுபடி எடுத்தேன்.

"இது ஒண்ணு போதும்கா. அன்னைக்கு நடந்ததை இந்த வரிக்குக் கீழ எழுதறேன். ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்."

"குழுவுல ஒன்பது பேரு. சத்தமா வாசிப்பாங்க. நோட்டு எழுதுற அந்த ஆளும் உட்கார்ந்திருப்பான்."

"உட்காரட்டும். கூனிக் குறுக வேண்டியது அவன்தான்."

"அவன் சிரிப்பான்டி. நீயே சிரிச்சே."

தாளைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பெயருக்குக் கீழே நகத்தால் கோடு கிழித்தாள்.

"இந்த இடத்துல உன் பேரு இருந்தா எழுதுவியா?"