ஃபேனைக் குறைத்த காலை

அன்று காலை துணி வெட்டுகிறவள் செய்த ஒரே தப்பு, எழுந்து போய் ஃபேனைக் குறைத்ததுதான்.

அந்தத் தையல் கூடத்தில் ஃபேனுக்காக நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு, அது திரும்பி வராமலிருக்க தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார்கள். போட ஆரம்பித்ததும் துணி வெட்டுகிறவளுக்கு உடம்பெல்லாம் அனலாய் எரிந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடியாக வேண்டும். பக்கத்தில் பட்டன் தைக்கும் நாத்தனாருக்கோ அந்தக் காற்றில் மூக்கு ஒழுகும். "அண்ணனுக்கு உங்களைக் கட்டி வச்சதுக்கு எனக்குச் சளி" என்பாள். ஆனால் இடம் மாறி உட்காரமாட்டாள்.

அனல்கூடப் பரவாயில்லை. விரல் கணுக்கள் பூட்டிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தால் உயிர் போகும். ஒரு நாள் நல்ல பட்டுத் துணியில் கோடு தாண்டி வெட்டிவிட்டாள். மறுநாளே மாத்திரையை நிறுத்தினாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. கொஞ்ச நாளில் விரல்கள் பழையபடி மடங்கின. "உடம்பு பழகிடுச்சு" என்று வீடே மகிழ்ந்தது. அவளும் தலையாட்டினாள்.

இன்று அவள் ஃபேனைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் நாத்தனாரின் ஊசி பாதியில் நின்றது.

"குளிருதா அண்ணி?"

"லேசா."

"மாத்திரை போடுறீங்கதானே?"

"போடாம?"

"எங்கண்ணனை ஏமாத்தலாம். இந்தக் காத்துல உக்காந்து தும்முனவ நான்."

இனி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. துணி வெட்டுகிறவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தக் கை இல்லேன்னா நான் யாருடி? மூலையில உக்கார வச்சு சோறு போடுவீங்க. அதுக்குப் பேரு உசுரா?"

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா, 'உசுரு பெருசா, கை பெருசா'ம்பாரு."

"கேக்கட்டும். வேற மாத்திரை இருக்கான்னு நான் கேக்குறேன். நீங்களா நிறுத்திட்டு, அது திரும்ப வந்துச்சுன்னா..." நாத்தனார் ஊசியைக் கீழே வைத்தாள். சட்டென்று எழுந்தாள்.

அண்ணனுக்குப் போன் போடப் போகிறாளோ என்று இவள் பயந்தாள். அவள் போனது சுவர்ப் பக்கம். ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம். எனக்கு மறுபடியும் சளி பிடிக்கணும் அண்ணி."

துணி வெட்டுகிறவளுக்குக் குளிரில் உடம்பு நடுங்கியது. எழுந்து போய்க் குறைக்கவில்லை.