எழுநூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று கோமுகி அணைத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திச் சத்தியம் செய்கிறேன். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. சத்தியம் ஒழுகவில்லை.

கச்சிராயபாளையத்தில் காஜாவின் ஜெராக்ஸ் கடை. ஒரு திங்கட்கிழமை காலை, வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் ஆதிமூலம் அங்கே வந்து செல்போனை நீட்டினார். வேகமாக ஓட்டியதற்குச் சலான் வந்திருந்தது. அபராதம்கூடப் பரவாயில்லை. ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைப்பதாகக் கடைசி வரி சொன்னது. ஜீப் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

காஜா சலானைப் பெரிதாக்கிப் படித்தார்.

“வண்டி நம்பர் சரிண்ணே. ஆனா ஜீப்ப ஸ்கூட்டின்னு போட்டுகிறான். வெள்ளை வண்டிய பச்சைங்கறான். வேகம் எழுநூத்தி நாப்பதாம். டீ ஆறதுக்குள்ள சிலோன் போயிடலாம்.”

“மேட்டுல ஏறச்சொல்ல ஆடு முந்திக்கினு போவும் நம்ம வண்டிய,” என்றார் ஆதிமூலம்.

அது மெய்தான். ஒருமுறை அப்படி முந்திய ஆடு வெள்ளிமலைக்கு முதலில் போய்ச் சேர்ந்து, இவர் வரும்வரை குட்டி போட்டுவிட்டுக் காத்திருந்தது.

“ஆட்சேபணை போட்டா ஜெயிச்சிடலாம்ணே. கூட வந்தவங்க ஒருத்தர், மெதுவாத்தான் போனாருன்னு எழுதிக் குடுத்தா இன்னும் ஜோரு.”

சலான் விழுந்த அன்று முன்சீட்டில் வந்தவர் ரங்கம்மாள். மலையில் சாமை அறுக்கக் கூலிக்குப் போகிறவர். ஜீப்புக்காக எதிரிலேயே நின்றிருந்தார். காஜா கூப்பிட்டார்.

“அக்கா, அண்ணன் அன்னிக்கு மெதுவாத்தான ஓட்டினாரு?”

“எனக்கு இன்னா தெரியும்? கண்ண மூடிக்கினு இருந்தேன்.”

“தூங்கிட்டீங்களா?”

“எங்க தூங்கறது. பஸ்ஸ முந்திப் போயி அடுத்த ஸ்டாப்பு ஆளுங்கள ஏத்தணும்னு இவரு பறக்கறாரு. பள்ளிக்கூடத்தாண்ட ஒரு பொண்ணு சைக்கிளத் தள்ளிக்கினு ரோட்டத் தாண்டுது. அவ்ளோதான்னு கண்ண மூடிக்கினேன். திரும்பிப் பாத்தா வாய்க்கால்ல கெடக்குது. அப்பறம் எழுந்துச்சு.”

“எந்தப் பொண்ணு?” என்றார் ஆதிமூலம்.

“நீ பாக்கலியாண்ணே?” என்றார் ரங்கம்மாள்.

“கண்ணாடில பஸ்ஸப் பாத்துக்கினு இருந்தேன்.”

ஜெராக்ஸ் மெஷின் யாருடைய ஆதார் அட்டையையோ துப்பிக்கொண்டிருந்தது. ஆதிமூலத்துக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கைகால்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார். பஸ்ஸின் முகப்புதான் வந்தது.

“ஃபைனக் கட்டிடு காஜா.”

“எழுவத்தி நாலுக்குப் பின்னால ஒரு சைபர் சேத்துட்டான்ணே. ரத்தாயிடும்.”

“சைபர் அவன் தப்பு. எழுவத்தி நாலு என் தப்பு. சலான்ல தப்பு இருந்தா, நான் மெதுவா ஓட்டினேன்னு ஆயிடுமா? பேப்பர்ல ஓட்டை தேடித் தப்பிச்சிக்கினே இருந்தா, ரோட்டுல எவனும் பிரேக்க மிதிக்கமாட்டான்.”

“மூணு மாசம் இன்னாண்ணே பண்ணுவ?” என்றார் ரங்கம்மாள்.

“உங்கூட சாமை அறுக்க வரேன்.”

“வா. அங்கயும் எவளையாச்சும் முந்தறன்னு வெரல அறுத்துக்காத.”

அன்று சாயங்காலமே அடுப்பை நினைத்து மனம் மாறி ஆதிமூலம் போட்ட ஆட்சேபணை ஏற்கப்பட்டு, எட்டாம் நாள் சலான் ரத்தானது; மெதுவாகத்தான் போனார் என்ற சாட்சிக் கையெழுத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்த ரங்கம்மாளுடையது.