யூலலி நாக்கனின் கூரை

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி மாலை நாலு இருபதுக்குப் புயல் யூலலி நாக்கனின் வீட்டுக் கூரையைக் கழற்றி மேலே தூக்கியது. அது திரும்பக் கீழே விழவில்லை. ஓர் ஆணிகூடக் கழலாமல் நாற்பது அடி உயரத்தில், வீட்டுக்கு நேர் மேலே நின்றுகொண்டது. மறுநாள் காலை, சாய்ந்த மரங்களை அறுக்க மோட்டார் ரம்பத்தோடு வந்த பக்கத்து வீட்டு நோலன் பெல்லரன் அண்ணாந்து பார்த்துவிட்டு ரம்பத்தைத் தரையில் வைத்தான். "அக்கா, ஒங்க கூரை ஆகாசத்துல நிக்குது." "தெரியும். முதல்ல அந்த மரத்த அறு, வழிய மறிச்சிக்கிட்டுக் கெடக்கு," என்றாள் யூலலி. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எதைக் கண்டாலும் உடனே பிரேக்கை மிதிக்கிறவள் அல்ல. அன்றைக்கு எங்கள் சதுப்போர ஊரான பாயூ சார்தோவில் பத்தொன்பது வீடுகள் போயிருந்தன, தேவாலய மணி சதுப்பில் கிடந்தது, ஒரு மூட்டை ஐஸ் ஏழு டாலருக்கு விற்றது. மிதக்கும் கூரையைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

எங்கள் வளைகுடாக் கரையில் புயல் காலத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் ஸ்பிரே பெயிண்டால் வீட்டுச் சுவரில் எழுதிவைப்பது வழக்கம். தெருவே அடையாளமில்லாமல் போனாலும் சேதத்தை மதிப்பிட வருகிறவன் சரியான வாசலில் வந்து நிற்கவேண்டும் அல்லவா? முந்தைய புயலில் சுவர் முங்கி எண் அழிந்து, மதிப்பீட்டாளருக்காக ஐந்து மாதம் காத்துக் கிடந்த யூலலி, இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே யோசித்து, எண்ணைக் கூரையின் மேல் எழுதினாள். அறுபத்தேழு வயதில் ஏணி வைத்து ஏறி, ஆரஞ்சு நிறத்தில், ஒவ்வோர் எண்ணும் மூன்றடி உயரம் வருமாறு எழுதினாள். அந்த எண்ணையும் சுமந்துகொண்டுதான் கூரை மேலே போனது.

நிறுவனம் ஆளை அனுப்பவில்லை. அந்த வருடம் மாநிலம் காப்பீட்டு விதியை மாற்றியிருந்தது. இனி யாரும் நேரில் வரவேண்டியதில்லை, மேலிருந்து எடுத்த படம் போதும், படம் சொல்வதே முடிவு. செப்டம்பரில் ஒரு ட்ரோன் கொசுமாதிரி ரீங்காரமிட்டபடி வந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. படத்தில் கூரை முழுசாக இருந்தது, எண் பளிச்சென்று தெரிந்தது. கூரைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த நாற்பது அடி வெற்றிடம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்தது. யூலலி நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்து, நாற்பது நிமிடம் இசை கேட்டுக் காத்திருந்த பிறகு ஓர் இளைஞன் எடுத்தான்.

"மேடம், கூரை இருக்குதே."

"இருக்குதுதான். நாப்பதடி ஒசரத்துல இருக்குது."

"ஒசரத்தப் பத்தி பாலிசியில ஒண்ணும் போடலையே மேடம்."

"அடுப்பு முன்னால நின்னா வானம் தெரியுதுப்பா எனக்கு."

"படத்துல அது தெரியலீங்களே. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணும். நீ ஒக்காந்திருக்கியே, அந்தக் கட்டடத்துக்குக் கூரை இருக்கா? நல்லா பாத்துச் சொல்லு."

இருக்கிறது என்று அவன் மரியாதையாகவே சொன்னான். கத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதன் கீழேயே யூலலி இரண்டு குளிர்காலத்தைக் கழித்தாள். சமையலறையில் பூஞ்சை பிடித்தது; குழம்புச் சட்டிக்குள் தார்ப்பாய்த் தண்ணீர் சொட்டினால் அன்றைக்கு உப்பைக் கூட்டிக்கொள்வாள். இதற்குள் ஊருக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. கூரை வீட்டைக் காவல் காக்கவில்லை, அவளைத்தான் தொடர்ந்தது. அவள் கடைக்குப் போனால் கடைக்கு மேலே நின்றது, தேவாலயத்துக்குப் போனால் பூசை முடியும்வரை வெளியே காத்திருந்தது. வெயில் நாளில் அவளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த ஜனங்கள் போட்டிபோட்டார்கள்.

புயலுக்கு அடுத்த வருடம் ஏப்ரலில், மாநிலத் தலைநகரில் இன்னொரு சட்டத்தை விவாதத்துக்கு எடுத்தார்கள். மூன்று வருடத்துக்குமேல் ஒழுங்காகப் பணம் கட்டியவரை நிறுவனம் கைவிடக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. கரையோர ஜனங்களுக்கு இருந்த ஒரே பிடி அதுதான். அதை நீக்கினால் புதிய நிறுவனங்கள் வரிசையில் வந்து நிற்கும் என்றார்கள். சட்டமன்றக் குழுவின் முன் பொதுமக்களும் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். நோலனின் இறால் வண்டியில் இரண்டரை மணி நேரம் பயணம் செய்து யூலலி போனாள். நெடுஞ்சாலை முழுக்க நிழல் கூடவே வந்தது. அவள் பேச எழுந்தபோது கூரை அவை அறையின் பெரிய சன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்துச் சுவர் மறைகிறமாதிரி இறங்கி நின்றது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. தலைவர் கையைக் காட்ட, ஒருவர் போய் விளக்கைப் போட்டார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர்கூட சன்னல் பக்கம் திரும்பவில்லை. யூலலி அதைச் சுட்டிக்காட்டி, "அய்யா, வெளிய நிக்குது பாருங்க, அது என் கூரை. இருபத்தாறு வருசமா பணம் கட்டுறேன், ஒரு தவணை தவறல. இப்ப என்னக் கைவிடலாம்னு சட்டம் போட்டா, நான் எங்க போறது?" என்று கேட்டாள். அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும்போது மேசையிலிருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. நன்றி சொல்லி உட்காரவைத்தார்கள். ஒன்பதுக்கு மூன்று என்று சட்டம் நிறைவேறியது. மதிய உணவுக்கு நிறுவனத்தின் ஆட்கள் வாங்கிக்கொடுத்த நண்டு ரொட்டி நன்றாக இருந்ததாகக் கேள்வி. செரித்திருக்கக்கூடாது அவர்களுக்கு.

ஜனவரி ஒன்றாம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. மூன்றாம் தேதி அவள் பாலிசி ரத்தானது. படத்தை ஆராய்ந்ததில் கூரைக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது, இவ்வளவு பழைய கூரைக்குக் காப்பீடு தருவதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். இழப்பீடு கேட்டபோது திடமாக இருந்த அதே கூரைதான். நோலன் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னான். புதிதாக வந்த நிறுவனம் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று வந்து, பாயூ சார்தோவைச் சூழ்ந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

காப்பீடு இல்லாத வீட்டின்மேல் கடன் வைத்திருக்க வங்கி சம்மதிக்கவில்லை. முப்பது வருடக் கடனில் பதினோரு தவணைதான் பாக்கி. யூலலிக்கு அந்த வீட்டைத் தவிர இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது. அவள் புருஷன் தூண் தூணாக நட்டுக் கட்டியது, அவன் செத்ததும் அதே வீட்டில்தான். வங்கி மாதாமாதம் தவணையையும் வாங்கிக்கொண்டது, வீட்டைப் பறிக்கும் வேலையையும் தொடங்கியது. சட்டப்படி முதலில் வாசற்கதவில் நோட்டீஸ் ஒட்டவேண்டும். ஒட்டி அறுபது நாள் கழித்துத்தான் மேற்கொண்டு நகரமுடியும். வீடு எங்கே இருக்கிறது என்பதற்கும் மேலிருந்து எடுத்த படமே போதும் என்று அதே புதிய சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நிறுவனங்களும் வங்கிகளும் ஆசைப்பட்டுச் சேர்த்த வரி அது.

தவணைக்குப் பணம் போதாமல் மே மாதம் யூலலி நோலனின் இறால் படகில் வேலைக்குப் போனாள். தளத்தில் உட்கார்ந்து இறாலை ரகம் பிரிக்கிற வேலை. கூரை படகுக்கு மேலேயே வந்தது. அப்போதுதான் வங்கியின் ட்ரோன் படமெடுத்தது. அவள் வீடிருந்த இடத்தில், பேரில்லாத ஒரு நீலத் தார்ப்பாய் பதிவானது. பாலிசி எண்ணுள்ள, சந்தேகத்துக்கு இடமில்லாத நாக்கன் வீடு பன்னிரண்டு மைல் தள்ளி வளைகுடாவின் நடுவில் பதிவானது. நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஷெரிஃப் அலுவலகத்துக் காவலன் தேரியோ விசைப்படகில் வந்து சேர்ந்தான். சின்ன வயதில் அவள் பேருந்தில் ஜன்னலோரச் சீட்டுக்குச் சண்டைபோட்ட பையன், இப்போது நாற்பது வயது ஆசாமி.

"மிஸ் யூலலி, இத ஒங்க கதவுல ஒட்டணும்."

"ஒட்டு."

"கதவு எங்க இருக்கு?"

"படத்துல எங்க போட்டிருக்கு?"

அவன் படத்தைப் பார்த்தான், அண்ணாந்து கூரையைப் பார்த்தான், கீழே தண்ணீரைப் பார்த்தான். "இங்கதான் போட்டிருக்கு," என்றான்.

"அப்ப இங்க ஒட்டு. சட்டத்த மீறாத, ஆமா."

தேரியோ ஒரு நண்டுக் கூண்டின் மிதவையில் நோட்டீஸை ஒட்டி, அதைப் படமெடுத்துக்கொண்டு, போகும்போது இரண்டு கிலோ இறாலும் வாங்கிப்போனான். இதைப் புரிந்துகொள்ள யூலலிக்கு இன்னொருவர் தேவைப்படவில்லை. அறுபது நாள் முடிகிற சமயம் பார்த்து அவள் படகைக் கடலில் வேறிடத்துக்கு ஓட்டச் சொன்னாள். ஜூலையில் கூரை ஓர் எண்ணெய்க் கிணற்று மேடையின் பக்கத்தில் இருந்தது, செப்டம்பரில் பறவைகளைத் தவிர யாரும் இல்லாத மணல்திட்டின்மேல் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வீடு இடம் மாறியதாகப் பதிவாகி, நோட்டீஸ் புதிதாக ஒட்டப்பட்டு, கணக்கு ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கியது. வங்கியில் ஒருத்தருக்காவது காரில் ஏறி வந்து கண்ணால் பார்க்கத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. நவம்பர் பதினான்காம் தேதி இறால் நாற்றம் போகாத கையோடு யூலலி பதினோராவது தவணையைக் கட்டி ரசீது வாங்கினாள்.

அடுத்த கூட்டத்தொடரில் சட்டத்தை மறுபடியும் திருத்தி, முப்பது அடிக்குமேல் நிற்கும் கூரைகளுக்குக் காப்பீடு பொருந்தாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதற்குள் எங்கள் தெருவில் மட்டும் ஆறு கூரைகள், புயல் எதுவும் இல்லாமலே, பாலிசி ரத்தான நாளில் மேலே போயிருந்தன. இறால்காரர்கள் மூடுபனியில் கரை அடையாளத்துக்கு அவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

யூலலியின் வீட்டுக்கு நோலனும் தேரியோவுமாகச் சேர்ந்து தகரக் கூரை போட்டுக்கொடுத்தார்கள். கடைசி ஆணியை அடித்த கையோடு நோலன் மேலே பார்த்துக் கேட்டான்: "அக்கா, படகுல வலை இழுக்குற வின்ச்ச மாட்டி அதையும் இழுத்து இறக்கிடலாமா?" யூலலி காப்பிக் குவளையோடு வாசலுக்கு வந்து, நாற்பது அடி உயரத்தில் நின்ற தன் பழைய கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணாம்டா, அங்கயே கெடக்கட்டும்," என்றாள். "கீழ வந்தா வயசு கேப்பானுங்க."