புதுப் பாக்கெட்டில் இரட்டை மீன்

விடிந்தால் என் அக்கா ஹபீபா ராத்தாவுக்கு நிக்காஹ். வீடு அடங்கிவிட்டது. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை சயீதின் வாப்பா ஜஹாங்கீர் மாமா, செனாய் ஊரிலிருந்து சீர்த் தட்டுகளோடு வந்திருந்தார். ஒரு தட்டு நிறையப் பளபளவென்று புதுக் காலி மசாலாப் பாக்கெட்டுகள். எங்கள் ஊர் மெர்சிங்கில் வாப்பா அரைக்கும் மீன் மசாலாவை வெளியூர்க் கடைகளுக்கு எடுத்துப்போய் விற்பது மாமாதான். பாக்கெட்டில் அதே எங்கள் இரட்டை மீன் படம். ஓரத்தில் மட்டும் புதிதாக ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஆங்கில ஆர்.

"மாமா, பிராண்டை ரெஜிஸ்டர் பண்ணிட்டீங்களா? யார் பேருல?"

மாமா சிரித்தார். "அலமாக், சின்னக்குட்டி லாயர் ஆயிட்டாளே! குடும்பத்துல யார் பேருல இருந்தா என்னம்மா?"

"ஆப்ரின், வாயை மூடு," என்றார் வாப்பா. "சம்பந்திகிட்ட என்ன கேள்வி? நம்ம பொருளுக்குச் சட்டை தைச்சுக் கொண்டாந்திருக்காரு லா."

சம்பந்தியோடு எழுத்தில் ஒப்பந்தம் வைத்துக்கொள்வது வாப்பாவுக்கு அவமானம். சலாம் சொல்லிக் கைகொடுத்தால் போதும்.

படுத்தபடி போனில் தேடினேன். பதிவு விவரம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரட்டை மீனுக்கு உரிமையாளர், மாமாவின் கம்பெனி. இனி வாப்பா அந்த மீனைப் போட்டு விற்றால் மாமா தடுக்கலாம். முதலில் விற்றது நாங்கள்தான் என்று வழக்குப் போடலாம். ஆனால் மகளைக் கொடுத்த வீட்டின் மேல் வாப்பா கோர்ட்டுக்குப் போவாரா? இன்றிரவு தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். நாளை தெரிந்தால் மசாலா போகும்.

ராத்தாவை எழுப்பினேன். அவளுக்கு இரண்டு கையிலும் மருதாணி. போனை நானே பிடித்துக் காட்டினேன்.

ராத்தா எழுந்து உட்கார்ந்தாள். "போன வாரம் சயீத் சொன்னாரு டி. 'இனிமே உங்க வாப்பா எங்க கம்பெனிக்கு அரைச்சுக் குடுக்கிற ஆளு'ன்னு. தமாஷுன்னு நானும் சிரிச்சேன்."

"என்ன செய்றது, ராத்தா?"

"வாப்பாகிட்ட காட்டு."

"காலையில நிக்காஹ்..."

"அதான் இப்பவே காட்டச் சொல்றேன்."

வாப்பா தூங்கியிருக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, விருந்தாளிகளுக்குக் கொடுக்கப் புதுப் பாக்கெட்டுகளில் மசாலா நிரப்பிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு பாரும்மா," என்று ஒன்றை நீட்டினார்.

நான் போனை நீட்டினேன்.

படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நிரப்பிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகச் சட்டியில் கவிழ்க்கத் தொடங்கினார். ராத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காயாத மருதாணிக் கையாலேயே அடுத்த பாக்கெட்டைப் பிரித்தாள்.