இறக்கத்தில் முந்தக் கூடாது

மனிதன் ஐம்பதைத் தாண்டியதும் எதற்காவது தலைவனாகிவிட வேண்டும் என்று துடிக்க ஆரம்பிக்கிறான். வீட்டில் அந்தப் பதவி காலியாக இருப்பதில்லை. அதனால் வெளியே தேடுகிறான். கேப்டன் அப்படித் தேடிப் பிடித்ததுதான் 'விடியல் வீரர்கள்' சைக்கிள் குழு. வார நாட்களில் அவர் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் படித்து, 'இது எங்கள் பொறுப்பில் வராது' என்று மரியாதையாகப் பதில் எழுதுகிற அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேப்டன்.

குழு என்றதும் பெரிய படையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவரையும் சேர்த்து நாலு பேர். ஒருவர் பல் டாக்டர்; வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்து அலுத்துப்போய், காற்று வாங்க வந்த அம்மாள். இன்னொருவர் கணக்கு வாத்தியார். எந்தப் பேச்சையும் 'ஆகவே' போட்டு முடிக்கக்கூடியவர். நாலாவது ஆள் கேப்டனின் மனைவியுடைய தம்பி. அச்சகம் வைத்திருக்கிறான். குழுவின் ஜெர்சியை அவன்தான் அச்சடித்துக் கொடுத்தான். முதுகில் 'எல்லைகள் இல்லை' என்று போட்டிருந்தது. இரண்டாவது சலவையில் 'இல்லை' உதிர்ந்துபோனது.

கேப்டன் குழுவுக்கு விதிகள் எழுதினார். வாட்ஸப்பில் வந்து விழுந்த அந்த விதிகளைப் படித்து முடிப்பதற்குள் ஒருவன் மலையேறித் திரும்பிவிடலாம். அவற்றில் எல்லோருக்கும் நினைவில் நின்றவை இரண்டு. இறக்கத்தில் முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது. எல்லோருக்கும் பின்னால் ஒருவர் 'வால்' ஆக வர வேண்டும். யாரும் தனியாக விடுபடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

வால் பதவியைக் கேப்டன் தானே எடுத்துக்கொண்டார். "ஜெயிக்கிறவன் முன்னாடி போவான். தலைவன் கடைசியில வருவான்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். பல் டாக்டருக்குப் புல்லரித்துவிட்டது. வாத்தியார் அதை அடுத்த நாள் வகுப்பில் சொல்லிவிட்டார்.

உண்மை வேறு. ஏறுவதில் கேப்டனுக்கு ஒரு குறையும் கிடையாது. மூச்சு வாங்கும், முட்டி முனகும், ஆனால் ஏறிவிடுவார். வம்பெல்லாம் இறங்குவதில்தான். விழுந்தாரா என்றால் இல்லை. நாய் குறுக்கே வந்ததா என்றால் அதுவும் இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, இறக்கத்தில் பாதி வந்துகொண்டிருந்தபோது, தான் செய்வது என்ன என்று ஒரு கணம் யோசித்துத் தொலைத்துவிட்டார். அவ்வளவுதான். கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு டயர், அதன் மேல் இவ்வளவு பெரிய தான். ஆபீசில் படித்த கோரிக்கைகளெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு கண் முன்னால் வந்தன. 'வளைவில் மணல் கிடந்தது.' 'பிரேக் பிடித்தது ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் ஞாபகம் இல்லை.' கீழே டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

கேப்டனுக்கு இறக்கம் என்றால் பயம் என்று தெரிந்தால் என்ன ஆகிவிடும்? உலகம் ஒன்றும் அழியாது. வாத்தியார் கேப்டனாகிவிடுவார். உலகம் அழிந்தாலாவது எல்லோருக்கும் பொதுவாகப் போகும்.

ஆகவேதான் வால். மற்ற மூவரும் வளைவில் மறைந்ததும் கேப்டன் இறங்கிவிடுவார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். கடைசி வளைவு வந்ததும் மறுபடி ஏறி, முதுகை வளைத்து, வேகமாக மிதித்துக்கொண்டு டீக்கடை முன்னால் வந்து நிற்பார். ஏன் இவ்வளவு நேரம் என்று யாராவது கேட்கும் முன்பே ஜெர்சியின் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டை எடுத்துக் காட்டுவார்.

"ரோட்டுல கிடந்துச்சு. உங்க டயர்ல ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

மூவரும் கண்ணாடியைப் பார்ப்பார்கள், தங்கள் டயரைப் பார்ப்பார்கள், பிறகு கேப்டனைப் பார்ப்பார்கள். அவர் அதை ஒரு பழைய காகிதத்தில் பத்திரமாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். குப்பையில் போட்டால் அடுத்த வாரத்துக்கு வேறு துண்டு தேட வேண்டுமே.

இந்த ஞாயிறு கிளம்பும்போதும் அவர் மனைவி வாசல் வரைக்கும் வந்தார். "மெதுவா இறங்குங்க."

"மெதுவா இறங்குறதுக்கு எதுக்கு சைக்கிள்?"

"நான் சைக்கிளைச் சொல்லல. உங்களைச் சொன்னேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏற்றம் வழக்கம்போல முடிந்தது. மலை உச்சியில் ஒரு செல்போன் கோபுரமும், உட்கார்ந்தால் ஆடுகிற பெஞ்சும் இருந்தன. கேப்டன் பெஞ்சில் ஆடிக்கொண்டே பெடல் சுற்றும் வேகத்துக்கும் இதயத் துடிப்புக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். முடித்துவிட்டு எழுந்து, "சரி, நீங்க கிளம்புங்க. நான் வாலைப் பார்த்துக்கிறேன்" என்றார்.

யாரும் கிளம்பவில்லை. பல் டாக்டர் தன் பையிலிருந்து ஒரு குட்டி கேமராவை எடுத்து ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நீங்க முன்னாடி, கேப்டன்."

"நானா?"

"நாங்க மூணு பேரும் பேசி வச்சுட்டோம். இத்தனை வாரமா எங்களுக்காகப் பின்னாடி வந்து தூசி தின்னுருக்கீங்க. கண்ணாடி பொறுக்கியிருக்கீங்க. ஒரு நாளாவது நீங்க ஆசை தீரப் பறக்க வேண்டாமா? நான் உங்க பின்னாடியே வந்து வீடியோ எடுக்குறேன்."

கேப்டன் ஹெல்மெட் பட்டையைக் கழற்றி மறுபடி மாட்டினார். "டாக்டர், வால்னா சாதாரண பொறுப்பில்ல..."

"வாலை நான் பாத்துக்குறேன் மாமா" என்றான் மச்சினன். அவன் முகத்தில் பக்தி வழிந்தது. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டெலிவரி கொடுக்கும்போது இருக்கிற அதே முகம்.

"ரோட்டுல காத்து அதிகமா இருக்கு."

"உங்களுக்கா காத்து?" என்றார் வாத்தியார். "உங்க எடைக்குக் காத்துதான் வழி விடணும். ஆகவே, நீங்க முன்னாடி."

கேப்டன் டயரை அமுக்கிப் பார்த்தார். செயினைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். காட்சியை ரசித்தார். நாலு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்தால் என்ன என்று கேட்டு, எடுத்து, அதில் தன் கண் மூடியிருக்கிறது என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதிலும் மூடித்தான் இருந்தது. முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிடலாமா? போன வாரம்தான் 'வலி என்பது மனதின் சோம்பல்' என்று குழுவில் பதிவு போட்டிருந்தார். மூன்று பேரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

வேறு வழியில்லை. ஏறினார்.

முதல் வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்துவிட்டார். பிடித்தார் என்பதைவிட, தொங்கினார் என்பது பொருத்தம். சைக்கிள் கிரீச்சென்று முனகிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வேகத்தில் நகர்ந்தது. பின்னால் கேமரா. அதற்குப் பின்னால் வாத்தியார். அதற்கும் பின்னால் மச்சினன். யாரும் முந்த முடியாது. விதி அப்படி. எழுதியவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

சாலையோரம் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து, கொஞ்ச தூரம் அவர் பக்கத்திலேயே நடந்து வந்தது. இவர்கள் எங்கேதான் போகிறார்கள் என்று பார்க்கும் ஆர்வத்தில் இருந்தது போலும். பிறகு அலுத்துப்போய் அவரை முந்திக்கொண்டு போய்விட்டது. விதி அதற்குத் தெரியாது.

பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுதான் கேப்டனைக் கொன்றது. திட்டியிருந்தால் பரவாயில்லை, சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இப்போதே கீழே நடக்கப்போகிற பேச்சு அவர் காதில் கேட்டது. டாக்டர் இரக்கத்தோடு ஏதாவது சொல்வார். வாத்தியார் 'ஆகவே' என்பார். மச்சினன் வீட்டுக்குப் போய் அக்காவிடம் நடித்தே காட்டிவிடுவான். ஒரு வளைவில் மணல் கிடந்தது. கேப்டன் ஒரு காலைத் தரையில் ஊன்றி, நொண்டியபடியே அதைத் தாண்டினார். கேமராவும் நின்று, அதையும் பார்த்துக்கொண்டது.

ஒருவழியாகச் சாலை சமதளமானது. டீக்கடை வந்தது. கேப்டன் இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே நின்றார். திரும்பத் தைரியம் வரவில்லை.

"கேப்டன்" என்றார் பல் டாக்டர்.

திரும்பினார். அந்த அம்மாள் கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் எக்ஸ்ரேயில் பல் சொத்தையில்லை என்று தெரிந்த நோயாளி மாதிரி மலர்ந்திருந்தது.

"இந்த ரோட்டோரத்துல இவ்ளோ மரம் இருக்குன்னு இன்னைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் கண்ணை இறுக்கி மூடாத குறையா வருவேன்."

"நீங்களா? நீங்கதானே முதல்ல பறப்பீங்க?"

"பறக்காம? பின்னாடி நீங்க வர்றீங்க. உங்களை மாதிரி ஆளுக்கு நடுவழியில நந்தி மாதிரி நிக்கக் கூடாதேன்னு பிரேக்கையே தொட மாட்டேன். சனிக்கிழமை ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே வராது."

"எனக்கும்தான்" என்றார் வாத்தியார், மெதுவாக. "இறங்குறப்ப பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே வருவேன். இன்னைக்குச் சொல்லவே இல்ல." முதல் தடவையாக 'ஆகவே' இல்லாமல் ஒரு பேச்சை முடித்தார்.

"நான் கால் பிரேக்ல வருவேன் மாமா" என்று மச்சினன் ஷூவைத் திருப்பிக் காட்டினான். அடிப்பகுதி தேய்ந்து அப்பளமாகியிருந்தது. "இவங்க ரெண்டு பேரும் இவ்ளோ வேகமா போறாங்களே, நான் மட்டும் மெதுவா வந்தா மானம் போயிடுமேன்னு..."

கேப்டன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. நல்ல மனிதனாக இருந்தால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பான். ஆனால் கேப்டனுக்குள் உட்கார்ந்திருந்த தலைவன் அவரை முந்திக்கொண்டான்.

"நீங்க மூணு பேரும் தடுமாறுறீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்று ஆரம்பித்தார். குரல் கனத்தது. "அதனாலதான் இன்னைக்கு வேணும்னே மெதுவா வந்தேன். கட்டுப்படுத்தி இறங்குறதுன்னு ஒரு கலை இருக்கு. அதுல முக்கியமானது..."

முக்கியமானது என்னவென்று சொல்லும் முன் நெற்றி வியர்வையைத் துடைக்கப் பின்பாக்கெட்டில் கைவிட்டு கைக்குட்டையை இழுத்தார். கூடவே மடித்த காகிதம் ஒன்று வந்து தரையில் விழுந்து பிரிந்தது. பச்சைக் கண்ணாடித் துண்டு வெயிலில் பளபளத்தது.

வாத்தியார் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். "கேப்டன், இன்னைக்கு நீங்க முன்னாடிதானே வந்தீங்க? எங்கயும் குனியலையே. இதை எப்ப பொறுக்குனீங்க?"

கேப்டன் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

மச்சினன் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "இருங்க இருங்க. இது அக்கா வீட்டு எண்ணெய் ஜாடி மாதிரி இல்ல? நீங்க கைதவறி உடைச்சீங்களே மாமா, அது?"

கேப்டன் கலையைப் பற்றிய உரையைத் தொடரலாமா என்று ஒரு நொடி யோசித்தார். வாயைத் திறந்தார். வேறு வார்த்தைதான் வந்தது.

"பயம்ங்க."

"என்னது?"

"பயம். எனக்கு இறக்கம்னா பயம். வாலாவது ஒண்ணாவது. நீங்க மறைஞ்சதும் இறங்கி நடந்து வருவேன். அந்தக் கண்ணாடியைத்தான் ஒவ்வொரு வாரமும் காட்டுறேன்."

முதலில் சிரித்தது டாக்டர். பிறகு அடக்க முடியாமல் வாத்தியார், கடை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர. மச்சினன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் சைக்கிளே சாய்ந்தது. அவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தங்களை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று புரிய கேப்டனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவரும் சிரித்தார். இவ்வளவு நாளும் ஒருவருக்கொருவர் பயந்து, நாலு பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

"அப்ப நான் வாரா வாரம் பயந்தது யாருக்காக?" என்றார் டாக்டர்.

"எனக்காக. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். அடுத்த வாரமும் நீங்கதான் முன்னாடி. இதே வேகம். ஒரு துளி கூடக் கூடாது."

"நாய் முந்துனா?"

"நாய் எங்க பொறுப்புல வராது" என்றார் டாக்டர். கேப்டன் ஆபீசில் எழுதுகிற அதே வாக்கியம். டாக்டர் வாயிலிருந்து கேட்டபோது எவ்வளவு நன்றாக இருந்தது!

டீ வந்தது. கேப்டன் கிளாஸை ஒரே கையால் பிடித்தார். மற்றவர்களையும் கவனித்தார். யார் கையும் ஆடவில்லை. வாத்தியார் இரண்டாவது டீ கேட்டார். கடைக்காரர் ஆச்சரியத்தோடு நிமிர்ந்து, "இத்தனை மாசத்துல இன்னைக்குத்தான் நீங்கள்லாம் உட்கார்ந்து குடிக்கிறீங்க" என்றார்.

போன் அடித்தது. மனைவி.

"இறங்கியாச்சா?"

"இறங்கியாச்சு."

"மெதுவாத்தானே?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு நீண்ட பதில் இருக்கும். "மெதுவாத்தான்" என்றார்.

"நல்லது. அந்தக் கண்ணாடித் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு வாங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஜெர்சியைத் துவைக்கிறப்ப அதை எடுத்து வச்சு, மறுபடி உள்ள போடுறது எனக்குத்தான் வேலை."

கேப்டன் போனைத் தோளில் இடுக்கியபடியே எழுந்து, மச்சினனிடமிருந்து கண்ணாடியை வாங்கிக் காகிதத்தில் நன்றாகச் சுற்றி, கடையோரக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார்.