கிரேன்காரரின் மூச்சு

மூச்சு இயந்திரத்தோடு அவர் படுத்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அறுபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்புத் தூண்களைத் தூக்கி வைக்கிற கிரேன்காரர். நிமோனியா வந்து இரண்டு நுரையீரலையும் ஒரு வழி பண்ணிவிட்டது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்ததால் குரலும் போயிற்று. வாய் ஓயாமல் பேசுகிறவருக்கு இப்போது வாயசைப்புதான் மிச்சம். அதையும் எல்லாரும் தப்பாகவே படித்தார்கள். போர்வை கேட்டால் தலையணை வந்தது.

தினமும் காலையில் இயந்திரத்தைக் கழற்றித் தானாக மூச்சுவிடப் பழக்குவார்கள். பத்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி என்று ஏறிக்கொண்டுதான் வந்தது. ஒரு நாள் சளி அடைத்துக் கண் பிதுங்கிவிட்டது. கூப்பிடக் குரல் இல்லை. மறுநாளிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் வந்தும் திரும்பவில்லை. பயம்கூடச் சில நாளில் வடிந்துவிட்டது; பிறகு இருந்தது வெறும் கனம். எதற்கு மூச்சு விட வேண்டும் என்றே அவருக்கு விளங்கவில்லை.

“நெஞ்சு தயாராத்தான் இருக்கு. இவர்தான் ஒத்துழைக்க மாட்டேங்கறார்” என்றாள் மூச்சுப் பயிற்சி தரும் பெண்.

மனைவிக்குச் சுருக்கென்றது. “சோம்பேறின்னு மட்டும் நினைக்காதீங்கம்மா. காய்ச்சலோட வேலைக்கு ஏறின மனுஷன். இப்ப அந்தக் கண்ணுல ஆளே இல்ல.”

மனநல மருத்துவர் வந்தார். எழுத்துகள் அச்சிட்ட பலகையை நீட்டிவிட்டு அவசரப்படாமல் காத்திருந்தார். கிரேன்காரரின் விரல் ஊர்ந்து ஊர்ந்து இரண்டு சொல்லைத் தொட்டது: நான் பாரம்.

“இது உங்க குறை இல்ல. மனச்சோர்வு. ரொம்ப நாள் மெஷின்ல இருந்தவங்க நிறைய பேருக்கு வருது. இதுவும் வியாதிதான், இதுக்கும் வைத்தியம் இருக்கு” என்றார் மருத்துவர்.

மாத்திரை தொடங்கியது. இரவில் விளக்கை அணைத்தார்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினார்கள். இரண்டு வாரத்தில் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மனம் இன்னும் அசையவில்லை.

அப்போதுதான் சிக்னல்காரர் பார்க்க வந்தார். தரையில் நின்று கையாலேயே கிரேன்காரருக்குப் பதினோரு வருடம் வழிகாட்டியவர். கட்டிலருகே வந்து நின்றார். பிறகு தன்னை அறியாமல் கையைத் தூக்கி, வேலையிடத்துச் சாடையில் ‘தூக்கு’ என்று விரலைச் சுழற்றினார்.

கிரேன்காரரின் கை போர்வைக்குள்ளிருந்து எழுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டியது: நிறுத்து. பிறகு ஒரு கைக்கு மேல் இன்னொரு கை: மெதுவாக.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதல் முறையாக, பலகை இல்லாமலே அவர் சொன்னது ஒருவருக்கு அப்படியே புரிந்தது. சிக்னல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துச் சமாளித்தார். “இத்தனை வருஷம் நான் கையாட்டினேன், நீங்க ஆடுனீங்க. இனிமே நீங்க ஆட்டுங்கண்ணே, இவங்க ஆடட்டும்!”

பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண் சாடைகளை அங்கேயே கற்றுக்கொண்டாள். “சார், அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இனி நேரம் உங்களுது. கையைக் கவுத்தா அடுத்த நொடி மெஷின மாட்டிடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். முதல் நாள் மூன்று முறை கையைக் கவிழ்த்தார். மூன்று முறையும் காற்று வந்தது. நிறுத்த முடியும் என்று தெரிந்த பிறகு நிறுத்தத் தோன்றவில்லை. இரண்டு மணி, ஐந்து மணி, ஒரு முழுப் பகல். சில காலைகளில் பழைய கனம் வந்து நெஞ்சில் உட்காரும். அன்றைக்குக் குறைவாகச் செய்வார், விட்டுவிட மாட்டார்.

ஒரு பகலும் ஓர் இரவும் முழுதாகத் தானே மூச்சுவிட்ட மூன்றாம் நாள், இயந்திரத்தை அறையை விட்டே உருட்டிக்கொண்டு போனார்கள். தொண்டைக் குழாயில், மூச்சைக் குரல்வளைப் பக்கம் திருப்பும் சின்ன மூடி ஒன்றைப் பொருத்தினாள் பயிற்சிப் பெண். “பேசிப் பாருங்க.”

துருப்பிடித்த கதவு திறந்த மாதிரி ஒரு சத்தம். “ஏய்… நீ சாப்ட்டியா?”

மனைவி சிரித்தாளா அழுதாளா, சொல்ல முடியாது. வேலையிடத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

“நான்தான்யா பேசறேன்!”

“யாரு?” என்ற மேலாளர், ஆள் பிடிபட்டதும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார். அறுபது பேர் ஒரே நேரத்தில் போட்ட கூச்சலில் பக்கத்து அறை நர்ஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். கிரேன்காரர் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றினார்.